வக்கீல் சன்னதை இழந்து மீட்ட வ.உ.சி.: நன்னடத்தைக்கு எது சான்று?

ஈப்போ, நவ.18 – கப்பலோட்டிய தமிழன் வ.உ.சிதம்பரம் பிள்ளை மறைந்த நாள் இன்று. 1961-இல் வெளிவந்த சிவாஜி கணேசனின் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அவர் பெயரைச் சொன்னதும் கப்பலும் செக்கும்தான் கண்முன் வரும். பேராக் தோட்டங்களில் இருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பங்களிலும் அந்த நினைவு இன்னும் இருக்கிறது.

கப்பலுக்கு முன்னும் செக்குக்குப் பின்னும் அவர் செய்த தொழில் வக்கீல் தொழில். அந்தத் தொழிலுக்கான சன்னதை அரசு அவரிடமிருந்து பறித்தது. பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் அதைத் திருப்பித் தந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர் பட்ட பாடு, சிறையில் பட்ட பாட்டுக்குச் சற்றும் குறைந்ததல்ல. சட்டம் படித்து வழக்கறிஞராகக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பகுதி இது.

ஒட்டப்பிடாரத்து வக்கீல்

சிதம்பரம் பிள்ளை 1872 செப்டம்பர் 5-ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்த மகனைத் தந்தை திருச்சிக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். தேர்வில் வென்று 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே வக்கீலாக அமர்ந்தார்.

ஊரில் பணக்காரர்களின் வழக்குகள் தந்தையிடம் போகும். ஏழைகளின் வழக்குகள் மகனிடம் வரும். கூலி கொடுக்க வழியில்லாதவருக்கும் அவர் வாதாடினார். போலீசார் போட்ட வழக்குகள் அவருடைய குறுக்கு விசாரணையில் உடைந்தன. அதனால் அதிகாரிகளின் பகையும் சேர்ந்தது. உள்ளூரில் மகன் இருந்தால் வம்பு வளரும் என்று அஞ்சிய தந்தை, 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

முதல் மனைவி வள்ளியம்மை 1901-இல் காலமானார். பிறகு மீனாட்சி அம்மாளை மணந்தார். பின்னாளில் வீடு பட்ட துன்பத்தையெல்லாம் தாங்கியவர் அந்த அம்மையார்தான்.

நம் முன்னோரை ஏற்றி வந்த கம்பெனி

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அப்போது கப்பல் விட்டது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினத்தில் இருந்து நம் பாட்டன் பாட்டிகளைப் பினாங்குக்கு ஏற்றி வந்ததும் அதே கம்பெனிதான். பழையவர்கள் இன்றும் பெயர் சொல்லும் ரஜூலா கப்பலும் அதனுடையதே.

அந்தக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து வ.உ.சி. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-இல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியாவில் மட்டும் சாதாரண வகுப்பில் 1,300 பேர் பயணம் செய்யலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கடைசியில் கட்டணமே வேண்டாம், ஒரு குடையும் இனாம் என்ற அளவுக்கு இறங்கியது. பெரிய முதலாளி நட்டத்தைத் தாங்குவான். சின்ன முதலாளி எத்தனை நாள் தாங்க முடியும்? சுதேசிக் கம்பெனி திணறியது.

இதே வேளையில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வார விடுமுறையும் ஊதிய உயர்வும் கேட்டு 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. வெயிலில் உழைப்பவனுக்கும் ஓய்வு நாள் உண்டு என்பதைக் கேட்டுப் பெற வேண்டியிருந்த காலம் அது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

40 ஆண்டுத் தண்டனை

வேலைநிறுத்தம் வென்றது அரசின் கண்ணை உறுத்தியது. வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடிய சில நாள்களில், மார்ச் 12-ஆம் தேதி வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

வழக்கை விசாரித்த செஷன்ஸ் நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7-ஆம் தேதி தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்கு 20 ஆண்டு என நாடு கடத்தல் தண்டனை. அப்போது வ.உ.சி.க்கு வயது 35. அந்த அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்தது. கடைசி வரை அது சரியாகவில்லை.

மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. கோயம்புத்தூர் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைபட்டார். மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்ததும் கோவைச் சிறையில்தான். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் பார்வைக்கு இருக்கிறது.

சிறையிலும் அவருக்குள் இருந்த வக்கீல் ஓயவில்லை. சட்ட மனுக்களைத் தொடர்ந்து எழுதி அனுப்பியபடி இருந்தார். ஜேம்ஸ் ஆலன் எழுதிய ஆங்கில நூலை மனம்போல வாழ்வு என்று தமிழாக்கியதும், மெய்யறம் என்னும் நீதி நூலை இயற்றியதும் அந்தச் சுவர்களுக்குள்ளேதான். வெளியே அவருடைய கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பலைப் போட்டிக் கம்பெனியே வாங்கிக்கொண்டது.

சன்னது இல்லாத வாழ்க்கை

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் வரவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக்குத் திரும்பவும் அனுமதி இல்லை. மனைவி, பிள்ளைகளோடு சென்னைக்கு வந்தார்.

சிறைத் தண்டனை முடிந்தது. ஆனால் அதன் நிழல் முடியவில்லை. குற்றவாளி என்று தீர்ப்பானதால் வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. அவருக்குச் சோறு போட்ட தொழில் அது ஒன்றுதான். நீதிமன்றத்தில் பத்து ஆண்டுக்கு மேல் வாதாடிய மனிதர் சென்னையில் மளிகைச் சாமான் விற்றுப் பார்த்தார். கையில் முதல் இல்லை. வியாபாரம் நிலைக்கவில்லை. வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தார்.

அந்த நாள்களில் கடல் கடந்த தமிழர்கள் அவரை மறக்கவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று பணம் திரட்டி காந்தி வழியாகக் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பணம் வ.உ.சி.யின் கைக்கு வந்து சேர ஓராண்டுக்கும் நெருக்கமான கடிதப் போக்குவரத்து தேவைப்பட்டது. 1915-இல் தொடங்கி 1916 வரை அவர் காந்திக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கேட்பதற்குக் கூச்சம், கேட்காவிட்டால் அடுப்பு எரியாது. கடைசியில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. லட்ச ரூபாய்க் கப்பல் கம்பெனியை நடத்தியவருக்கு அந்த 12 அணாவும் கணக்கில் சேர வேண்டிய நிலை.

பிறகு கோயம்புத்தூருக்குப் போய் ஒரு வங்கியில் மேலாளராக இருந்தார். தொழிற்சங்க வேலைகளிலும் ஈடுபட்டார். பழைய சுவடிகளில் கிடந்த திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். படிப்பும் எழுத்தும் ஓடின. வருமானம் மட்டும் ஓடவில்லை.

சட்டம் கேட்ட கேள்வி

அன்றைய இந்தியாவில் பிளீடர்களைக் கட்டுப்படுத்தியது 1879-ஆம் ஆண்டு வழக்குத் தொழிலர் சட்டம். சன்னது தருவதும் எடுப்பதும் உயர்நீதிமன்றத்தின் கையில் இருந்தது. குற்றத் தீர்ப்புப் பெற்ற ஒருவரைத் தொழிலில் இருந்து நீக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் எந்தக் குற்றமானாலும் போதும் என்று அது சொல்லவில்லை. வக்கீலாக இருக்கத் தகுதியற்றவர் என்று காட்டும் குணக் குறை அந்தக் குற்றத்தில் வெளிப்பட வேண்டும் என்றது.

வ.உ.சி.யின் வாழ்க்கை இந்த இடத்தில் ஒரு பெரிய கேள்வியாக நிற்கிறது. கட்சிக்காரரின் பணத்தைச் சுருட்டியவர், பொய்ப் பத்திரம் தயாரித்தவர், சாட்சியை விலைக்கு வாங்கியவர் ஆகியோரிடம் குணக் குறை இருக்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் வராது. மேடையில் நின்று அன்னிய ஆட்சியை எதிர்த்துப் பேசியவரிடம் இருப்பது என்ன குறை? அவரை நம்பி ஒரு விதவை தன் நிலப் பத்திரத்தை ஒப்படைக்கக்கூடாதா? அவர் சொல்லும் வாதத்தை நீதிபதி நம்பக்கூடாதா?

ஆட்சி பார்த்த பார்வை வேறு. அரசை வெறுப்பவர் அந்த அரசின் நீதிமன்றத்தில் எப்படி நிற்கலாம் என்பது அதன் வாதம். இந்த வாதத்தால் தொழில் இழந்தவர் வ.உ.சி. மட்டும் அல்லர். 1922-இல் காந்திக்கும் அதே அரச நிந்தனைக் குற்றத்துக்காக 6 ஆண்டுத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டில் லண்டனின் இன்னர் டெம்பிள் சட்டச் சங்கம் தன் பட்டியலில் இருந்து அவர் பெயரை அடித்தது. அந்தப் பெயரை அது மீண்டும் சேர்த்துக்கொண்டது 1988-இல். காந்தி மறைந்து அப்போது 40 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காந்தி இளம் வக்கீலாக 1894-இல் நேட்டால் உச்சநீதிமன்றத்தில் பதிவு கேட்டபோதே உள்ளூர் வழக்கறிஞர் சங்கம் எதிர்த்து நின்ற கதையும் உண்டு. நன்னடத்தைச் சான்றிதழ்கள் வைத்திருந்தும், அவருடைய நிறம் அங்கே தடையாகப் பார்க்கப்பட்டது. நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. நன்னடத்தை என்னும் சொல்லுக்குள் வேறு பல வெறுப்புகளும் நுழைந்துகொள்ள முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

வாலஸ் திறந்த கதவு

வருமானம் போதாத வ.உ.சி. நீதிமன்றத்துக்கு மனுப்போட்டார். தன் தொழிலைத் தனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டார். காலம் எது என்பதையும் பார்க்க வேண்டும். 1920-இல் காங்கிரஸ் ஒத்துழையாமை இயக்கத்தை அறிவித்தது. வக்கீல்கள் நீதிமன்றத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதன் பகுதி. ராஜாஜி, மோதிலால் நேரு, சித்தரஞ்சன் தாஸ் போன்றவர்கள் தொழிலை விட்டார்கள். அந்த இயக்கத்தில் உடன்பாடு இல்லாத வ.உ.சி. காங்கிரசை விட்டு விலகினார்.

மற்றவர்கள் துறந்த ஒன்றை அவர் கேட்டுப் பெறப் போனார் என்று குறை பேசியவர்கள் உண்டு. ஆனால் விட்டவர்கள் பலர் விடுவதற்குச் சேர்த்து வைத்திருந்தார்கள். வ.உ.சி.யோ தம்மிடம் இருந்த அனைத்தையும் 1908-இலேயே கொடுத்து முடித்திருந்தார். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தேடும் தகப்பன் அவர்.

மனுவுக்குச் சாதகமாக நின்று சன்னது மீண்டும் கிடைக்கச் செய்தவர் இ.எச்.வாலஸ் என்னும் வெள்ளைக்கார நீதிபதி. திருநெல்வேலிச் சீமையில் பணியாற்றிய நாளிலேயே வ.உ.சி.யை அறிந்தவர் அவர். அந்த அரசின் ஊதியம் வாங்கிய ஒருவரே, அரசின் கைதியாக இருந்தவர் நம்பத்தக்க வக்கீல்தான் என்ற முடிவுக்குத் துணை நின்றார்.

வ.உ.சி. அந்த நன்றியை வாயால் சொல்லி விட்டுவிடவில்லை. தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர் வீட்டில் ஒரு வெள்ளையரின் பெயர் தமிழாகி நின்றது. ஆட்சியின் மேல் இருந்த பகையை அவர் மனிதர் மேல் ஏற்றவில்லை. நன்னடத்தைக்கு இதைவிட வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

சன்னது கிடைத்ததும் கோவில்பட்டிக்குக் குடிபோய் அங்கே வக்கீலாக அமர்ந்தார். 1927-இல் சேலத்தில் நடந்த காங்கிரஸ் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1932-இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார்.

இன்று இங்கே எப்படி?

நம் நாட்டில் வழக்கறிஞராகச் சேர விரும்புபவரை ஆள்வது 1976-ஆம் ஆண்டு சட்டத் தொழில் சட்டம். பட்டம் மட்டும் போதாது. 9 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். குடியுரிமை அல்லது நிரந்தர வசிப்பிடத் தகுதி வேண்டும். இவற்றோடு நன்னடத்தை உடையவராகவும் இருக்க வேண்டும்.

நன்னடத்தை என்பதை அந்தச் சட்டம் சில வகையில் விரித்துச் சொல்கிறது. தொழிலுக்குத் தகுதியற்றவராக்கும் குற்றத் தீர்ப்பு இருக்கக்கூடாது. குறிப்பாக மோசடி, நேர்மைக் கேடு சார்ந்த குற்றம் கூடாது. திவாலானவராக அறிவிக்கப்பட்டிருக்கக்கூடாது. வேறு நாட்டில் தொழிலில் இருந்து நீக்கப்பட்டவராகவும் இருக்கக்கூடாது.

சேர விரும்புபவர் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்கிறார். உண்மையென உறுதிமொழி அளிக்கிறார். நன்னடத்தைச் சான்றிதழ்கள் இரண்டை இணைக்கிறார். மனுவின் அறிவிப்பு நீதிமன்றத்தில் ஒட்டப்படுகிறது. வழக்கறிஞர் மன்றம், சட்டத்துறைத் தலைவர், மாநில வழக்கறிஞர் குழு ஆகிய தரப்புகளுக்கு மனு போகிறது. ஆட்சேபம் இருந்தால் அவர்கள் தெரிவிக்கலாம். முடிவு நீதிபதியுடையது. ஈப்போ உயர்நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு பிள்ளை நிற்க, பின்வரிசையில் பெற்றோர் கண்கலங்கி உட்கார்ந்திருக்கும் அந்தக் காலை நேரத்துக்கு முன்னால் இத்தனை படிகள் இருக்கின்றன.

டி.ஆர்.சீனிவாசகம் போன்ற வழக்கறிஞர்களை எளியவர்களின் குரலாகக் கண்டு பழகிய ஊர் ஈப்போ. அந்தப் பெயரில் இங்கே பூங்காவே இருக்கிறது. ஆனாலும் தோட்டப்புறக் குடும்பங்களில் ஒரு பயம் உண்டு. சின்ன வயதில் ஒரு முறை போலீஸ் நிலையம் போனது, நண்பர்களோடு சேர்ந்து வம்பில் மாட்டியது போன்றவை பிள்ளையின் வழியை அடைத்துவிடுமோ என்று பெற்றோர் கலங்குகிறார்கள்.

சட்டத்தின் சொற்களைப் பார்த்தால், எந்தத் தீர்ப்பும் தானாகவே கதவை மூடும் என்று அது கூறவில்லை. அந்தக் குற்றம் இந்தத் தொழிலுக்கு ஒருவரைத் தகுதியற்றவராக்குகிறதா என்பதே கேள்வி. 1879-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான். இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டமும் ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைத் தடுக்கிறது. ஆனால் விடுதலையாகி 2 ஆண்டு கழிந்தால் அந்தத் தடை விலகுகிறது.

மறைப்பதுதான் பெரிய ஆபத்து. உறுதிமொழியிட்ட மனுவில் ஒன்றை மறைத்தால், பழைய தவற்றை விட அந்த மறைப்பே நேர்மைக் கேட்டுக்குச் சாட்சியாகிவிடும். வ.உ.சி. மனுப்போட்டபோது அவருக்கு மறைக்க எதுவும் இருக்கவில்லை. அவர் செய்தது என்னவென்று நாடே அறிந்திருந்தது. அதை அவர் கைவிடவும் இல்லை.

கடைசிக் கணக்கு

மீண்டும் வக்கீலான பிறகும் வ.உ.சி. பணக்காரர் ஆகவில்லை. கடைசி நாள்களில் எழுதிய உயிலில் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்தார். துணிக்கடை, எண்ணெய்க்கடை பாக்கிகூட அதில் விடுபடவில்லை. இறந்தவனிடம் யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று அவர் இருந்துவிடவில்லை. ஒரு காலத்தில் சட்டத்தின் பார்வையில் குணக் குறை உள்ளவர் என்று ஒதுக்கப்பட்ட மனிதர், கடைக்காரரின் சில ரூபாயையும் கடனாகவே எழுதிவிட்டுப் போனார்.

1936 நவம்பர் 18-ஆம் தேதி, அவர் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவருடைய உயிர் பிரிந்தது. வயது 64. இந்திய அரசு 1972-இல் அவருடைய நூற்றாண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நம் பிள்ளைகள் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் மனுவைப் பதிவு செய்யும்போது, நன்னடத்தை என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் தமிழர் வரலாற்றில் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாராவது சொல்லி வைத்தால் நல்லது.